தோமா வீட்டு லாம்ப்ரோஸ்

ஆர்த்தா
24 ஆகஸ்ட் 1999

என் செல்ல மகள் ரோதாந்திக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் அவரவர் காலில் நடந்து, அவரவர் தட்டில் சாப்பிட்டு, சண்டை போடவும் தெம்போடு இருக்கிறோம். அங்கே மெல்போர்னில் நீயும் அதேபோல் இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் வைத்தியர் மாடிப்படி ஏறாதே என்று சொன்னதை அவர் மாடிப்படியை எண்ணாதே என்று புரிந்துகொண்டிருக்கிறார் போலிருக்கிறது, ஒரு நாளைக்குப் பத்து தடவை மேலே போய்ப் புறாக்களைப் பார்த்துவிட்டு வருகிறார். வாசலில் இருக்கும் கசப்பு நாரத்தை மரத்தை நகராட்சிக்காரர்கள் ஒட்ட வெட்டிவிட்டுப் போனார்கள், அதுவோ ஒன்றுமே நடக்காதது போலத் துளிர்த்து நிற்கிறது. சரி, இதெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. மார்ச் மாதம் நீ எழுதிய கடிதத்தின் கடைசி வரியில் என்னை ஒரு கேள்வி கேட்டிருந்தாய். “அம்மா, இரண்டு வருடம் கழித்துச் சொல்கிற உண்மையால் யாருக்கு என்ன பயன்?” என்று. இரண்டு வருடம் முன்பு உன் அலுவலகத்தில் ஒரு வீட்டு வரைபடத்தில் அளவு தவறாகப் போனதும், அதற்காக உன்னோடு வேலை செய்த நோராவை வேலையிலிருந்து அனுப்பிவிட்டதும், அவளுக்கு இப்போது வேறு வேலை கிடைத்துவிட்டதும் எல்லாம் படித்தேன். ஐந்து மாதமாக நான் பதில் எழுதவில்லை. தொலைபேசியில் நீ இரண்டு முறை கேட்டபோதும் வானிலையைப் பற்றிப் பேசினேன். கோபித்துக்கொண்டு அல்ல. உனக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லாமல் இருந்தது, அதுதான் காரணம். அந்தத் தகுதி இப்போதும் முழுதாக வந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன், ஆனால் அதைத் தேடிக்கொண்டு இந்த மாதம் நான் கரிதோவ்ரிசிக்குப் போய்வந்தேன்.

கரிதோவ்ரிசி என்றால் என் முதல் பள்ளிக்கூடம், த்சுமெர்கா மலையில் மேலே, நீ பிறப்பதற்கு முன்பு. நீ சிறுமியாக இருந்தபோது அந்த ஊரைப் பற்றி எத்தனையோ சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு பிள்ளையும் காலையில் அடுப்புக்கு ஒரு விறகுக் கட்டை கொண்டுவர வேண்டும் என்பதும், ஈரக் கட்டை கொண்டுவந்தவன் அன்றைக்கு ஜன்னலோரத்தில் உட்கார வேண்டும் என்பதும் உனக்கு மனப்பாடம். “அப்படின்னா ஏம்மா அங்க நாம போகவே மாட்டேங்கிறோம்?” என்று ஏழு வயதில் நீ கேட்டாய். பாதை சரியில்லை என்று சொன்னேன். பாதை எழுபத்திரண்டிலேயே தார் போட்டாகிவிட்டது. இந்த முறை பேருந்து மூன்று மணி நேரத்தில் என்னைச் சதுக்கத்தில் இறக்கிவிட்டது, முதல் தடவை கோவேறு கழுதைமேல் ஒன்றரை நாள். சதுக்கத்து நடுவில் நிழல் தரும் அந்தப் பெரிய பிளேன் மரம் அப்படியே இருக்கிறது, இடி விழுந்து ஒரு பக்கம் பிளந்திருக்கிறது, அந்தப் பிளவில் யாரோ நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஊற்றுக்குக் கல்லில் செதுக்கிய மூன்று வாய்களில் இரண்டில்தான் தண்ணீர் வருகிறது. ஆனால் அந்தத் தண்ணீரின் சத்தம் காதில் விழுந்ததும் என் கால் தானாகவே பள்ளிக்கூடப் பக்கம் திரும்பிவிட்டது, மணியடிக்க நேரமாகிவிட்டது என்பது போல.

ஊற்றடியில் கறுப்புத் தலைத்துணி கட்டிய ஒரு கிழவி குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள், சுல்தானா என்று பெயர், தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “யாரோட பொண்ணு நீ?” என்றாள். உனக்குத் தெரியுமே, நம் மலைக்காரர்கள் ஒரு ஆளின் பெயரைக் கேட்க மாட்டார்கள், யாருடையவர் என்றுதான் கேட்பார்கள். அறுபத்திரண்டு வயதில் என்னைப் பொண்ணு என்று கூப்பிட்டது இனிப்பாகத்தான் இருந்தது. முன்னால் இங்கே டீச்சராக இருந்தேன் என்றேன். “அது வேலை. நான் வேலையக் கேக்கல. யாரோடவன்னு கேட்டேன்” என்றாள். இருபத்தொரு வயதில் இதே ஊற்றடியில், இதே கேள்வியை, அன்றைக்கு நடுவயதில் இருந்த இவளே என்னிடம் கேட்டிருக்கலாம். “யாரோடவளும் இல்லையா? சரி, பாவம், தண்ணியாவது குடி” என்று குடத்தைச் சாய்த்தாள்.

தங்குவதற்கு ஊரில் ஒரே ஒரு விடுதி. பழைய கல்வீட்டைச் சீர்செய்து அக்லாயா என்ற பெண் நடத்துகிறாள், உன்னைவிடப் பத்து வயது சிறியவளாக இருப்பாள், மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள். வாசலில் மரப்பலகையில் நீல எழுத்தில் ‘மிச்சம்’ என்று எழுதியிருந்தது. விடுதிக்கு இது என்ன பெயர் என்று கேட்டேன். “எங்கப்பாவோட பட்டப்பேரு டீச்சரம்மா. ஊருல எங்கள வேற எப்படியும் யாருக்கும் தெரியாது. நான் மிச்சத்தோட பொண்ணு. மொதல்ல வர்றவங்க எல்லாம் நேத்தைய சோறு போடுவோம்னு பயந்துக்குவாங்க” என்று சிரித்தாள். பிறகு, உட்காரவைத்து ஒரு சின்னத் தட்டில் பச்சை வால்நட்டைப் பாகில் ஊறவைத்த இனிப்பும் ஒரு கோப்பைத் தண்ணீரும் வைத்துவிட்டு, பெயர் வந்த கதையையும் அவளே சொன்னாள். “எங்கப்பாவுக்கும் அவரோட சித்தப்பா மகனுக்கும் ஒரே பேரு, லாம்ப்ரோஸ் சீகோஸ். ரெண்டு பேரும் ஆர்த்தா விடுதிப் பள்ளிக்குப் பரிட்சை எழுதினாங்க. அவரு தேறிப் போயிட்டாரு, இப்ப ஏதென்ஸ்ல பத்திரம் எழுதற பெரிய ஆளு. காப்பிக்கடையில எவனோ சொன்னானாம், ரெண்டு லாம்ப்ரோஸ்ல ஒண்ணு போயிடுச்சு, இது மிச்சம்னு. அவ்வளவுதான், ஒட்டிக்கிச்சு.” நான் அந்த இனிப்பை வாயில் வைத்துக்கொண்டே இருந்தேன். ரோதாந்தி, அந்தப் பெயரை வைத்தது காப்பிக்கடையில் இருந்த எவனோ இல்லை, நான்.

எப்படி என்று சொல்கிறேன். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கத்தால் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரே பெயரில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருப்பார்கள், உன் வகுப்பிலேயே மூன்று வசிலிக்கி இருந்தார்கள். அப்பாவின் பெயரை வைத்துத்தான் பிரித்துச் சொல்வது. என் இரண்டு லாம்ப்ரோஸ்களின் அப்பாக்கள் அண்ணன் தம்பி, மூத்தவர் தோமாஸ், இளையவர் தெயோதோரோஸ். இரண்டு பெயருக்கும் முதல் எழுத்து தீட்டா. வட்டத்துக்குள் ஒரு கோடு போட்ட அந்த எழுத்தை, சின்ன வயதில் நீ ‘மூடின கண்ணு’ என்று சொல்வாய். நகரத்து விடுதிப் பள்ளியில் ஒவ்வொரு மலைக்கிராமத்துக்கும் ஒரே ஒரு இடம், தங்கிப் படிக்க. அந்த இடம் கிடைக்காவிட்டால் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. விண்ணப்பத் தாளில் அப்பா பெயருக்கான கட்டம் குறுகலாக இருந்தது. மற்ற எல்லாரும் எழுதுவது போல நானும் இரண்டு தாளிலும் தீட்டா போட்டு ஒரு புள்ளி வைத்தேன். கூட்டல் கணக்கில் முதல் வரியில் எட்டை ஆறு என்று எழுதிவிட்டால், கீழே நீ எவ்வளவு கவனமாகக் கூட்டினாலும் விடை தப்பாகத்தான் வரும் என்று ஆயிரம் தடவை கரும்பலகையில் காட்டியிருக்கிறேன். அந்த முதல் வரியை நானே எழுதினேன்.

ஜூன் மாதம் இரண்டு பேரையும் ஆர்த்தாவுக்கு நான்தான் கூட்டிப்போனேன். சட்டையில் பரிட்சை எண்ணை ஊக்கால் குத்திவிட்டதும் நான்தான், தோமா வீட்டு லாம்ப்ரோஸுக்குப் பதினான்கு, தெயோதோரோஸ் வீட்டு லாம்ப்ரோஸுக்குப் பதினைந்து. பதினைந்துக்குக் கணக்கு நன்றாக வரும். பதினான்கு கணக்கில் தடுமாறுவான், ஆனால் அவனிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் அது அவன் கையில் ஆட்டுக்குட்டி போல உயிரோடு துள்ளும். முடிவு ஒரு சனிக்கிழமை வந்தது, தபாலெல்லாம் காப்பிக்கடைக்குத்தான் வரும், அங்கேயே உரக்கப் படிப்பார்கள். தோமாஸ் மகனோடு மேலே மேய்ச்சல் புல்வெளியில் இருந்தார். நான் ஆர்த்தாவில் என் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். “லாம்ப்ரோஸ் சீகோஸ், தீட்டா” என்று கடைக்காரர் படித்ததும் தெயோதோரோஸ் எழுந்து நின்று, தீட்டான்னா நான்தானே என்றாராம். யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. திங்கள்கிழமை நான் திரும்பி வந்தபோது பள்ளிக் கதவின் அடியில் எனக்கென்று இன்னொரு உறை கிடந்தது, அதில் எண்ணும் மதிப்பெண்ணும் மட்டும். தேறியது எண் பதினான்கு. கட்டுரையில் இருபதுக்குப் பத்தொன்பது.

அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு நான் தெயோதோரோஸ் வீட்டுக்குத்தான் நடந்தேன், நம்பு. ஆனால் முற்றத்தில் ஒரு கிடாயை உரித்துத் தொங்கவிட்டிருந்தார்கள், செருப்புத் தைப்பவர் பையனின் பாதத்தைத் தாள்மேல் வைத்து அளவு வரைந்துகொண்டிருந்தார், அவன் அம்மா ஓடிவந்து என் கைகளைப் பிடித்து முத்தமிட்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு தோமாஸ் மலையிலிருந்து இறங்கி வந்தார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்று, “எம் பையன் தேறலையா டீச்சரம்மா?” என்று கேட்டார். நான் சொன்ன பதிலை இன்றைக்கும் ஒரு எழுத்து மாறாமல் சொல்வேன். “ஒரு இடந்தானே வந்துச்சு தோமாஸ்” என்றேன். பார், அதில் ஒரு பொய்யும் இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். செப்டம்பரில் பதினைந்து புதுச் செருப்போடு நகரத்துக்குப் போனான், பதினான்கு ஆடுகளோடு மேலே போனான், அக்டோபரில் நான் மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே வந்தேன். அந்த உறை உன் அப்பாவுக்கும் தெரியாமல் என் தையல் பெட்டியில் நாற்பது வருடம் இருந்தது.

நான் போய் இறங்கிய அன்று சாயங்காலம் அக்லாயாவின் அப்பா லாம்ப்ரோஸ் வந்தான், ஐம்பத்திரண்டு வயது, அவன் அப்பாவின் அதே தோள். மகள் என் பெயரைச் சொல்லும் முன்பே என்னைத் தெரிந்துகொண்டான். “இன்னைக்கும் ஈரக் கட்டைதான் டீச்சரம்மா, ஜன்னலோரமே உக்காந்துக்கறேன்” என்றான். சிபுரோ சாராயம் ஊற்றிக் கொடுத்தான், பிட்டாவில் எனக்கு ஓரத்துத் துண்டு பிடிக்கும் என்பதுகூட ஞாபகம் வைத்திருந்தான், காட்டுக்கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து அக்லாயா சுட்டது, அந்தக் காலத்தில் அவன் அம்மா துணியில் கட்டி அனுப்புவாளே அதே ருசி. அந்த நாள் நிலவரைபடத்தில் எலி கடித்த இடத்தை நான் கடல் என்று சொல்லிச் சமாளித்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு, அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அன்றைக்கும் நான் சொல்லவில்லை. பழைய நாட்களைப் பற்றிப் பேசுவதில் இது ஒரு வசதி, வேண்டியதை மட்டும் எடுத்துப் பேசலாம்.

மறுநாள் காலை அவன் பட்டிக்குப் பக்கத்தில் பால் அடுப்பில் உறைந்த பாலை நீளக் கரண்டியால் உடைத்துக்கொண்டிருந்தான். நான் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து, உறையை மடியில் வைத்துக்கொண்டு, சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. லாம்ப்ரோஸ், தேறினது நீ, எனக்குத் தெரியும், தெரிந்தே நான் வாயைத் திறக்கவில்லை என்றேன். கரண்டி நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. “எத்தன மார்க்கு?” என்று கேட்டான். பத்தொன்பது என்றேன். “மழைக்கு முன்னாடி மலை எப்படி இருக்கும்னு எழுதச் சொன்னாங்க” என்றான், அடுப்பைப் பார்த்தபடியே. நான் உறையை நீட்டினேன், கையெல்லாம் மோர், வாங்கவில்லை. பிறகுதான் அவன் சொன்னான். “எங்கப்பா சாகற வரைக்கும் என்ன நெனச்சாரு தெரியுமா? அந்த மே மாசம் ஆடு குட்டி போட்ட நேரம், என்ன மூணு வாரம் பள்ளிக்கு அனுப்பாம மேல கூட்டிட்டுப் போயிட்டாரு. அதனாலதான் நான் தேறலைன்னு நெனச்சாரு. படுக்கையில கெடக்கும்போதுகூட அதத்தான் சொன்னாரு, உன்ன நான் கெடுத்துட்டேன்டான்னு. நான் இல்லப்பா இல்லப்பான்னு சொன்னேன், ஆனா மனசுக்குள்ள ஆமான்னுதான் இருந்துச்சு. இருபத்தாறு வருஷம் ஆச்சு அவரு போயி.” கரண்டியை எடுத்துச் சுவரில் சாய்த்தான். “இத நீங்க அவருகிட்ட சொல்லியிருக்கணும் டீச்சரம்மா. எனக்கு இல்ல” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்று முழுவதும் விடுதிப் பக்கம் வரவில்லை. அக்லாயா இரண்டு பேருக்குத் தட்டு வைத்துவிட்டு, ஒன்றை எடுத்து உள்ளே வைத்தாள்.

ரோதாந்தி, ஒரு பையனின் படிப்பைக் கெடுத்தேன் என்று மட்டும்தான் நாற்பது வருடமாக நான் நினைத்திருந்தேன். ஒரு அப்பா தன்மேல் பழி போட்டுக்கொண்டே மண்ணுக்குள் போனது எனக்குத் தெரியாது. நாம் சொல்லாமல் விட்டது, நாம் விட்ட இடத்திலேயே நிற்கும் என்று நினைக்கிறோம். அது நிற்பதில்லை, நமக்கு முகம் தெரியாத வீடுகளுக்கெல்லாம் போகிறது.

மறுநாள் பதினைந்தாம் தேதி, மாதாவின் திருநாள். ஏதென்ஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தவர்களால் சதுக்கம் நிறைந்திருந்தது, பூசை முடிந்து எல்லாரும் பிளேன் மரத்தடியில் காப்பிக்கு உட்கார்ந்திருந்தார்கள், கிளாரினெட்காரர் நிழலில் தன் வாத்தியத்தின் நாணல் நாக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பத்திரம் எழுதுகிற லாம்ப்ரோஸும் வந்திருந்தான், வெள்ளைச் சட்டை, தங்கச் சட்டம் போட்ட கண்ணாடி. தூரத்தில் வந்த தன் அண்ணனைப் பார்த்து, “டேய் மிச்சம், வாடா, எனக்கு மிச்சம் வைக்காம எல்லாப் பாலாடையும் நீயே தின்னுட்டியா?” என்று அன்பாகத்தான் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள், மிச்சமும் பழக்கத்தில் சிரித்தான். நான் அப்போது எழுந்தேன். நாற்பது வருடம் வகுப்பில் பேசிய குரல், உரக்கப் பேசுவதற்கு எனக்குக் கஷ்டமில்லை. என் பெயர் சொன்னேன், எந்த வருடம் என்று சொன்னேன், உறையைப் பிரித்து எண்ணையும் மதிப்பெண்ணையும் வாசித்தேன், எண் பதினான்கு தோமாஸின் மகன் லாம்ப்ரோஸ் என்றேன், இதைத் தெரிந்துகொண்டே நான் மறைத்தேன் என்றேன்.

பிறகு நீ பார்க்க வேண்டுமே. “நாப்பது வருஷம் கழிச்சா சொல்றது, நாங்க பாதிப் பேரு செத்தே போயிட்டோமே” என்றார் ஒருவர். “நான் அன்னைக்கே சொன்னேன், தீட்டா ரெண்டு இருக்குன்னு” என்றார் இன்னொருவர். “நீ அன்னைக்குப் பொறக்கவே இல்ல, உக்காரு” என்று பின்னாலிருந்து அவருக்குப் பதில் வந்தது. பத்திரக்காரன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அவன் முகம் பன்னிரண்டு வயதுக்குத் திரும்பிவிட்டது, ஊக்குக் குத்தும்போது நின்ற அதே முகம். “விடுதியில மொத நாளே பெரிய சார் கேட்டாரு” என்றான். “அந்த மழைக் கட்டுரை எழுதின பையன் நீதானான்னு. நான் மழையப் பத்தி ரெண்டு வரிதான் எழுதியிருந்தேன். ஆமா சார்னு சொல்லிட்டேன்” என்றான். பிறகு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான், எங்கே போவது என்று தெரியாமல் நின்றான். “அண்ணே, நான் இத்தன நாளா யாரோட எடத்துல உக்காந்திருந்தேன்?” என்று கேட்டான். மிச்சம் அவனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றித் திருப்பி மாட்டினான். “உக்காருடா. காப்பி ஆறுது” என்றான்.

பிறகு என்னிடம் வந்து, “வாங்க டீச்சரம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம், சைப்ரஸ் மரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிலுவைகள். இரண்டிலும் ஒரே எழுத்து, தீட்டா, புள்ளி, சீகோஸ். கல் செதுக்கியவனும் கட்டம் குறுகல் என்று நினைத்துவிட்டான் போல. அவன் லேசாகச் சிரித்தான். “வர்றவங்க பாதிப் பேரு மாத்தித்தான் வெளக்கேத்திட்டுப் போறாங்க. சித்தப்பா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. இடப்பக்கம் எங்கப்பா” என்று காட்டிவிட்டு, மரத்தடிக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டான். நான் அகல் விளக்கில் எண்ணெய் ஊற்றினேன், பிறகு சொன்னேன். தோமாஸ், உங்கள் பையன் தேறினான், நீங்கள் அவனைக் கெடுக்கவில்லை, நான் கெடுத்தேன் என்று. அங்கே பதில் சொல்ல யாரும் இல்லை, அதுதான் உன் இரண்டு வருடத் தாமதத்துக்கும் என் நாற்பது வருடத் தாமதத்துக்கும் உள்ள வித்தியாசம், கண்ணு. திரும்பும்போது அந்த உறையை அவன் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். விடுதிப் பலகையை மாற்றச் சொல்லட்டுமா என்று கேட்டேன். “பேரு இருக்கட்டும். பேத்திக்கும் பழகிப்போச்சு. ஏன் இந்தப் பேருன்னு கேட்டா இனிமே சரியான கதையச் சொல்லுவோம்” என்றான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாயங்காலம் திருநாள் நடனத்தில் பத்திரக்காரத் தம்பி அவனை இழுத்துப்போய் வரிசையின் முதல் ஆளாக நிறுத்தினான், இரண்டு சுற்று ஆடிவிட்டு, ஆடுகளைப் பார்க்க வேண்டும் என்று முதல் ஆள் பிடிக்கும் கைக்குட்டையைத் தம்பி கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

பதினேழாம் தேதி காலை பேருந்துக்குக் காத்திருந்தேன். ஒரு டப்பா பாலாடைக்கட்டியை அக்லாயாவிடம் கொடுத்து அனுப்பியிருந்தான், உப்புநீரோடு கனமாக இருந்தது. ஏதென்ஸிலிருந்து வந்த ஒரு பெண் ஊற்றடியில் சுல்தானாவிடம் என்னைக் காட்டி, அந்தம்மா யாரோடவங்க என்று கேட்டது என் காதில் விழுந்தது. நான் குனிந்து பையின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன், என்ன சொல்லப் போகிறாளோ என்று. கிழவி அவசரப்படவில்லை, குடம் நிரம்பும் வரை பொறுத்தாள். “அவங்களா? தோமா வீட்டு லாம்ப்ரோஸோட டீச்சரு” என்றாள். மிச்சம் என்று சொல்லவில்லை. பேருந்து மலை இறங்கி ஆராக்தோஸ் ஆற்றைத் தாண்டும் வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது வருடம் தையல் பெட்டியிலா என்று மட்டும் கேட்டார், பிறகு மாடிக்குப் போய்ப் புறாக்களோடு ரொம்ப நேரம் இருந்துவிட்டு, இறங்கி வந்து எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தார், சர்க்கரை அதிகம்.

உன் கேள்விக்கு வருகிறேன். யாருக்கு என்ன பயன் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. லாம்ப்ரோஸுக்கு ஐம்பத்திரண்டு வயதில் இனிப் பள்ளிக்கூடம் கிடைக்காது. அவன் அப்பா கேட்கவில்லை. என் மனபாரம் இறங்கியது என்று சொன்னால் பொய், அது வேறு தோளுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் உன் மார்ச் மாதக் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன், பழைய பழக்கம், சிவப்புப் பென்சில் கையில் இருந்தது. “அளவு தவறாகப் போய்விட்டது.” “பழி நோராவின் மேல் விழுந்தது.” “பேசாமல் இருக்க வேண்டியதாயிற்று.” மூன்று வாக்கியமும் அழகான வாக்கியங்கள், மூன்றிலும் செய்தவள் இல்லை. ஒரு இடந்தானே வந்துச்சு என்று நான் சொன்னேனே, அந்த வாக்கியத்தின் பிள்ளைகள் இவை. உனக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்ததும் நான்தான், ஆகவே இந்தத் தவற்றில் எனக்கும் பங்கு உண்டு. நோராவின் அப்பா அம்மா இருக்கிறார்களா, அவர்கள் அவளைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது.

நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்தைச் சுற்றித் துணி இல்லாமல் வெளியே போகாதே, அங்கே செப்டம்பர் வெயிலை நம்பாதே என்று நீயே எழுதியிருக்கிறாய். செப்டம்பர் பதினான்காம் தேதி உன் தாத்தா நினைவு நாள், உன் பங்குக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்று, பெயரைச் சுருக்காமல் முழுசாகச் சொல்லு. மாதா உன்னைத் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும், நீ போகும் பாதை மழையிலும் வழுக்காமல் இருக்கட்டும், உன் கையால் வரையும் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு எரியட்டும். அப்பா உன் நெற்றியில் முத்தமிடுகிறார்.

இன்றைக்கு ஒரு வேலை செய். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேலே நோராவின் முழுப் பெயரையும் எழுதி, அதற்குக் கீழே ‘நான்’ என்று தொடங்கி ஒரே ஒரு வாக்கியம் எழுதிப் பார்.

உன் அம்மா,
கல்லிரோயி